ரெஃப்ரியின் வாயில் விசில் இல்லை

கண்ணை மூடிக்கொண்டேன். தீர்ந்தது. இனி எவனும் என்னோடு பேச முடியாது. காது கேட்கிறவர்கள் கண்ணை மூடினாலும் பேச்சு உள்ளே வந்துகொண்டே இருக்குமாம், என் மகள் எஸ்தர் சொல்வாள். பாவம்தான். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு இமை. சாத்தினால் சாத்தியதுதான். வைத்தி பிரஷ்ஷைக் கன்னத்தில் சுற்றுகிறான். நுரை வெதுவெதுப்பாக இருக்கிறது, எலுமிச்சை வாசனை. பிரஷ் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. யாரோடோ பேசிக்கொண்டே வேலை செய்கிறான். யாரோடு என்று தெரியும். பின்னால் பெஞ்சில் எத்திராஜ் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடியில் பார்த்தேன், அதனால்தான் மூடினேன். மத்தியானம் எஸ்தர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள், "அப்பா, எத்திராஜ் அங்கிள் தங்கவயல்லேருந்து வந்திருக்கார். கிள்ளான்ல தங்கச்சி மகன் கல்யாணமாம். இன்னைக்கு நாலு மணி ரயில்ல பினாங்கு போறார், அங்கேருந்து கப்பல். வயசு எழுபது ஆவுது, இனிமே வரமாட்டார். ஒரு வார்த்தை பேசுங்கப்பா." சவரம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு செந்தூல் கடைத்தெருவுக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே வந்திருக்கிறான். அவனுக்கு எப்போதும் அதே பழக்கம், பின்னாலேயே, இடது பக்கமாக, நாலு கஜம் தள்ளி. மூன்று வருஷம் அப்படித்தான் என்னோடு ஓடினான். நாலு மணி ஆகட்டும். போகட்டும். ஒரு முகச் சவரம் எவ்வளவு நேரம், இருபது நிமிஷம். வைத்தி கிழவன், அரை மணி ஆக்குவான். ஆக்கட்டும். நாற்காலியின் இரும்பு வழியாகத் தொடைக்கு ஒரு நடுக்கம் ஏறுகிறது, ரயில்வே பட்டறையிலிருந்து என்ஜின் போகிறது, சரக்குதான், பெட்டிகளை எண்ணாமலே தெரியும் நீளமானது என்று. நடுக்கம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் எனக்குள்ளேயே எங்கேயோ போய் நின்றுவிடுகிறது. இமைக்குள் சிவப்பாக இருக்கிறது. வாசலில் வெயில். அந்தச் சிவப்பில் தூசி மாதிரி எதுவோ மிதக்கிறது. மைதானம் மாதிரியும் இருக்கிறது.

தங்கவயல் மைதானத்தில் புல் கிடையாது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டுக்கு அடியில் செம்மண் தரை, விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். ஏழு வயதில் காய்ச்சலில் என் காது போனது. அதற்குமுன் கேட்டதில் சுரங்கச் சங்கு ஞாபகம் இருக்கிறது, அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் ஞாபகம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. பதினாறு வயதில் மில்லில் சேர்த்தார்கள். தங்கக்கல்லை இடிக்கிற மில். ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது இரும்பு உலக்கை இராப்பகலாக ஏறி இறங்கும். உள்ளே போனால் நெஞ்சுக்கூடு அதன் தாளத்துக்குப் போய்விடும். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அது சொர்க்கம். அங்கே எல்லோருமே செவிடர்கள். எவனும் வாயைத் திறந்து பிரயோஜனம் இல்லை, எல்லாம் கைதான். தண்ணீர் விடு, நிறுத்து, மேஸ்திரி வருகிறான், மேஸ்திரி பெண்டாட்டி வேறொருவனோடு போய்விட்டாள், எல்லாவற்றுக்கும் கையில் வார்த்தை இருந்தது. கூப்பிட வேண்டுமென்றால் பலகையில் காலால் உதைப்பது. அந்தக் கைப்பேச்சில் எத்திராஜை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தோளைச் சிலுப்பினால் மேஸ்திரியே வந்து நிற்கிற மாதிரி இருக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மியூர் துரை, ஸ்காட்லாந்துக்காரர், மில் எஞ்சினியர், எங்கள் ஃபுட்பால் டீமுக்கும் அவரே மேனேஜர். மில் வாசலில் நான் தகர டப்பாவை உதைத்துக்கொண்டு போனதைப் பார்த்து டீமில் சேர்த்தார். நடுவில் ஃபார்வர்ட். பந்து என் காலுக்கு வந்தால் கோல்தான், இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. ஆனால் விசில். ரெஃப்ரி ஊதினால் எல்லோரும் நிற்பார்கள், நான் மட்டும் போய்க்கொண்டே இருப்பேன், கோலியைத் தாண்டி வலையில் அடித்துவிட்டுக் கையைத் தூக்கித் திரும்பினால் மைதானமே வாயைப் பிளந்து சிரிக்கும். ஆயிரம் வாய். சத்தமில்லாத ஆயிரம் வாய் எப்படி இருக்கும் என்று காது கேட்கிறவனுக்குத் தெரியாது. பிறகு தோள்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். விசில் அடித்தால் ஓடுகிறவன் தோள் தொங்கும், முதலில் தோள், பிறகுதான் கால். தோள் தொங்கினால் நின்றுவிடுவேன். எதிராளிகள் அதையும் கண்டுபிடித்தார்கள். வேண்டுமென்றே தோளைத் தொங்கப் போட்டு நிற்பான்கள் பொறுக்கிகள், நான் நின்றவுடன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவான்கள். ஒரே சீசனில் நான்கு முறை. அப்போதுதான் எத்திராஜ் மில்லுக்கு வெளியே என்னை உட்காரவைத்துக் கையால் சொன்னான்: எவன் தோளையும் பார்க்காதே, எவன் மூஞ்சியையும் பார்க்காதே, நான் உன் இடது பக்கம் ஓடுவேன், விசில் விழுந்தால் என் வலது கை மேலே போகும், கை போகாவிட்டால் எமனே வந்து நின்றாலும் ஓடிக்கொண்டே இரு. மூன்று வருஷம். ஒரு தடவை தப்பவில்லை. அவன் கை எனக்குக் காது. என் உடம்பிலிருந்து நாலு கஜம் தள்ளி ஓடுகிற காது.

வைத்தி தோல்வாரில் கத்தியைத் தீட்டுகிறான், அந்த இழுப்பு அவன் இடுப்பு வழியாக நாற்காலிக் கைக்கு வருகிறது. தாடையைப் பிடித்துச் சாய்க்கிறான். கத்தி காதோரத்தில் இறங்குகிறது, குளிர். இந்த இடத்தில் அசையக்கூடாது. நல்லதாகப் போயிற்று. மியூர் துரை ஒருநாள் மில் ஆபீசில் சிலேட்டை எடுத்து எனக்கு ஒரு கதை சொன்னார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எழுத வராது, படம்தான் போடுவார். ஒரு ஆள் போட்டார், காதில் பெருக்கல் குறி. காலுக்கு அடியில் பந்து. தன் நெஞ்சைத் தொட்டு, தூரத்தைக் காட்டினார், எங்கள் ஊர்க்காரன், ஸ்காட்லாந்துக்காரன். செவிடன். என்னை மாதிரி. என்னை மாதிரி ஒருத்தன் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறான், அவர் அப்பா காலத்தில். அடுத்து ஒரு ரெஃப்ரி, கையில் கைக்குட்டை. அந்தக் காலத்தில் விசில் கிடையாதாம், கைக்குட்டையை ஆட்டுவார்களாம். யோசித்துப் பார்த்தேன், வெள்ளைத் துணி ஒன்று ஆடும், எல்லோரும் நிற்பார்கள், அவனும் நிற்பான். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரியும். பிறகு துரை கைக்குட்டையை அழித்துவிட்டு விசில் போட்டார். அதன் பக்கத்தில் ஒரு கப்பல். அமெரிக்கா, என்று உதட்டால் சொன்னார். அவ்வளவுதான் கதை. விசிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் சிலேட்டில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன என்று கேட்டேன். துரை தோளைக் குலுக்கினார், தெரியாது. அந்த ஒரு சாணில்தான் நான் ரொம்ப நாள் குடியிருந்தேன். விசிலுக்காகவே ஒருத்தன் ஊரை விடுவானா? அவனுக்கும் நாலு கஜத்தில் ஒரு கை இருந்திருக்கும். அந்தக் கை ஏதாவது செய்திருக்கும். செய்யாமல் எவன் கடல் தாண்டுவான்.

முப்பத்தெட்டாம் வருஷம், டிசம்பர், ஃபைனல். பட்டாளத்து டீம் எங்கள் ஊருக்கு வந்து ஆடியது. மண்மேட்டில், சுவரில், புளியமரத்தில் எல்லாம் ஆள். இதை நினைக்கக்கூடாது என்றுதான் கண்ணை மூடினேன், மூடினால் இதுதான் வருகிறது, ஒவ்வொரு தடவையும். கத்தி கன்னத்தில் ஒரே இழுப்பாக வருகிறது. கோல் எதுவும் விழவில்லை, பத்து நிமிஷம் பாக்கி. பந்து எனக்கு வந்தது. இரண்டு பேக்குகளுக்கு நடுவில் புகுந்துவிட்டேன். முன்னால் கோலி மட்டும். தரையில் என் நிழல் எனக்கு முன்னால் ஓடியது, நீளமாக, சாயங்கால நிழல். உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி இருந்தது. கனவில் ஓடுவது மாதிரி கால் தரையில் படவேயில்லை. அப்போது கோலி நின்றான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். பழைய தந்திரம், எனக்குச் சிரிப்பு வந்தது, தோளைப் பார்க்க மாட்டேன் மகனே. சும்மா ஒரு வழக்கத்துக்கு இடது பக்கம் பார்த்தேன். எத்திராஜின் கை மேலே இருந்தது. முழுசாக மேலே, ஐந்து விரலும் விரிந்து. நின்றேன். பந்தைக் காலுக்கு அடியில் வைத்து மிதித்தேன். நின்றுவிட்டுத்தான் திரும்பி ரெஃப்ரியைப் பார்த்தேன். விசில் அவர் கையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் இல்லை. அவர் கன்னம் உப்பவில்லை. ஆடு ஆடு என்று கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் கோலி என் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி ஒரே உதை. நான்கே உதை, அந்தப் பக்கம் கோல். எத்திராஜ் என் எதிரில் வந்து கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான். நான் வானத்தைப் பார்த்தேன். ராத்திரி வீட்டுக்கு ஒரு சிலேட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். எச்சில் துப்பித் துடைத்தேன், படிக்கவில்லை. ஊரில் எவன் அந்த மேட்ச்சைப் பற்றி வாயைத் திறந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன சொல்லிவிடப் போகிறார்கள். ரெஃப்ரி ஊதவில்லை, இவன் கை தூக்கினான், கோலிக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது. மறுநாள் துரையின் ஆபீசுக்குப் போனேன். சிலேட்டை வாங்கி, தூக்கிய கையைப் போட்டேன். தொங்குகிற விசிலைப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கைக்குக் கீழே ஒரு பாட்டில் போட்டேன். பட்டாளத்துக்காரன் ரம் பாட்டில், அதை வாங்கிக்கொண்டு இவன் என்னை நிறுத்தினான், அதுதான் நான் சொன்னது. பாட்டிலை நான் பார்க்கவில்லை. பார்க்காததை வரைந்தேன். இல்லை, பார்த்த மாதிரிதான் இருந்தது, அவ்வளவு நிச்சயமாக இருந்தது. துரை ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடமாட்டார், மது வாசனை வந்தாலே கடவுள் பேரைச் சொல்கிற ஆள். சிலேட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அழித்தார். அடுத்த திங்கள் எத்திராஜை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், மில்லிலிருந்தும் எடுத்துக் கீழே அனுப்பிவிட்டார்கள், சுரங்கத்துக்குள்ளே. சரியாயிற்று என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் நான் கப்பலில் இருந்தேன்.

கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அடியில் என்ஜின் மில் மாதிரியே இடித்தது, முதுகெலும்பு வழியாக. அந்த ஸ்காட்டுக்காரச் செவிடன் பக்கத்தில் படுத்திருந்தான். சத்தியமாக. சிவப்பு மீசை, கம்பளிச் சட்டை. நாங்கள் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது. அன்றிலிருந்து வருகிறான். செந்தூல் பட்டறையில் சித்தப்பா பாய்லர் பக்கம் வேலை வாங்கிக் கொடுத்தார், அங்கேயும் வந்தான். ரயில்வே டீமில் பதினொரு வருஷம் ஆடினேன், மலாய்க்காரன், சீனன், பஞ்சாபி, எல்லோரோடும். கை தூக்க எவனையும் வைத்துக்கொள்ளவில்லை. ரெஃப்ரி கன்னத்தையே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு ஆடினேன். ஒரு கண்ணால் ஆடினால் பாதி ஆட்டம்தான். எழுபது கோல் அடித்திருப்பேன், நூற்று நாற்பது அடிக்க வேண்டியவன். தூக்கத்தில் மட்டும் வேறு மைதானம். மூடுபனி. புல், முட்டி வரைக்கும் ஈரப் புல், நான் பார்த்தே இராத புல். நானும் ஸ்காட்டுக்காரனும் ஒரே பக்கம். ரெஃப்ரி தூரத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு முகமே கிடையாது, துணி மட்டும். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தானாகப் போய்வருகிறது. கோல் போஸ்ட் எங்கேயோ பனிக்குள் இருக்கிறது, போய்ச் சேர வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவனிடம் கேட்பேன், உன்னை யார் நிறுத்தினான்? அவன் சிரிப்பான். மீசைக்குள் உதடு தெரியாது. மீசை வைத்தவன் பேச்சை எப்படிப் படிப்பது, எழவு. எழுந்தால் எஸ்தரின் அம்மா பக்கத்தில் இருப்பாள், பிறகு அவளும் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போதும் பனி வருகிறது. நுரையின் ஈரம்தான். கத்தி ஒரு கன்னத்தை முடித்துவிட்டது, அந்தப் பக்கம் காற்று படுகிறது, புதுத் தோல் மாதிரி. தூங்கிவிடலாம். தூங்கினால் நாலு மணி ஆகிவிடும்.

இரும்பில் ஒரு உதை. பாதம் வைக்கிற தகட்டில். இரண்டு, ஒரு இடைவெளி, ஒன்று. உள்ளங்காலில் ஏறியது. மில்லில் என்னைக் கூப்பிடுகிற உதை. மேஸ்திரிக்கு மூன்று, ஃபிட்டருக்கு நான்கு, எனக்கு இரண்டும் ஒன்றும். இந்தத் தேசத்தில் அது ஒருவனுக்கும் தெரியாது. நான் திறக்கவில்லை, கண் தானாகத் திறந்துகொண்டது. எத்திராஜ் எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து நிற்கிறான். கிழவன் ஆகிவிட்டான். பல் பாதி இல்லை. வைத்தி என் கழுத்திலிருந்து கத்தியை எடுக்காமலே சிரிக்கிறான். "இன்னாடா சவரி," எத்திராஜின் உதடு, "கண்ண மூடிக்கினா நான் பூடுவேனா? கடல் தாண்டி வந்தவன்டா. கழுத்துல கத்தி இருக்குது, எழுந்து ஓட முடியாது, இப்ப கேளு." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான், கையால் பேச. அப்போது பார்த்தேன். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன, திக்குகிறவன் மாதிரி. சலித்துப்போய்க் கையைக் கீழே போட்டு வாய்க்கே வந்தான், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "அன்னிக்கி விசில் அடிச்சுதுடா." இல்லை என்று தலையை ஆட்டினேன். வைத்தி என் நெற்றியைப் பிடித்து நிறுத்தினான். "ரெஃப்ரி ஊதல. போலீஸ்காரன் ஊதுனான். செவுத்து மேல ஏறுன பசங்கள வெரட்டறதுக்கு, எனக்குப் பின்னாடி நின்னு ஊதிட்டான். நாங்க எல்லாரும் நின்னுட்டோம். கோலி நின்னான், பேக்கு நின்னான். இருபத்தோரு பேர் நின்னோம்டா. நீ ஒருத்தன்தான் ஓடிக்கினு இருந்த. நீ ஒருத்தன்தான் கரெக்டு. உன்னயும் நிறுத்திட்டேன் நானு. விசில்னா என் கை தானா மேல பூடும், மூணு வருசப் பழக்கம். இத்தச் சொல்லத்தான் சிலேட்டுல எழுதினு வந்தேன், நீ எச்சத் துப்பித் தொடச்ச. லெட்டர் போட்டேன்." லெட்டர் வந்தது. அடுப்பில் போட்டேன். "விசில் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாதா உனக்கு?" வாயால்தான் கேட்டேன், நுரை உதட்டில் புகுந்தது. "காது கேட்கிறதுதானே?" அவன் விழித்தான். "அது எப்டிடா தெரியும்? காதுல விழுந்துச்சி, நின்னோம். பாத்துட்டா நிப்பாங்க?" நான் வைத்தியைப் பார்த்தேன். வைத்தியும், ஆமாம் ஐயா, அப்படித்தான் என்று தலையை ஆட்டினான். இத்தனை காலம் காது என்றால் கண் மாதிரி என்று நினைத்திருந்தேன். எங்கே இருக்கிறதென்று தெரியாமல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கிளையில் இருக்கிற காக்கை கிளையில்தான் தெரியும். சத்தமும் அப்படித்தான், அது வந்த வாயோடு சேர்ந்தே அவர்களுக்குள் போகிறது என்று நினைத்தேன். அறுபத்தேழு வயது. யாரும் சொல்லவில்லை. யாரையும் சொல்லவும் விடவில்லை. இவர்கள் இருட்டில் தடவுகிற ஆட்கள். இருபத்தொரு பேரும். அவனும். அவன் பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் அது. ஒரு போலீஸ்காரன்.

போலீஸ்காரன் ஊதினான், நான் கடல் தாண்டினேன். எஸ்தர், எஸ்தரின் அம்மா, பேரன், பதினொரு வருஷம், பாய்லர், எல்லாம் அவன் ஊதியதில் வந்தது. எத்திராஜ் இன்னும் முடிக்கவில்லை. பெஞ்சை இழுத்து என் முழங்காலுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். லேசாகிவிட்ட முகம், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டவன் முகம். இனி சும்மா பேச்சுதான் என்கிற மாதிரி பேசினான். "அதுக்கே என்னக் கீழ தள்ளிட்டாங்கன்னு நெனச்சிக்கினியா? அது வேற கத. எவனோ துரைகிட்டப் போட்டுக் குட்த்துட்டான், நான் குடிச்சிட்டு ஆடுனேன்னு. துரை கூப்ட்டு ஊது ஊதுன்றாரு, வாயி வாசன பாக்கறாரு, மறுநா ஊதி இன்னாத்துக்கு? குடிச்சவனுக்குத்தான் போலீஸ் விசில் ரெஃப்ரி விசிலா கேக்கும்னாரு. அன்னிக்கி நான் காப்பி கூடக் குடிக்கலடா. கீழ போன ரெண்டாம் வருசம் வெரலு பூட்ச்சி." பாட்டில். துரை அதைப் படித்தது அப்படி. நான் வரைந்தது ஒன்று, அவர் படித்தது ஒன்று, இரண்டும் பொய். "எவன்னு எனக்குத் தெரியும்," என்றான் எத்திராஜ். என் கழுத்து நரம்பு கத்திக்கு அடியில் துடித்ததை வைத்தி உணர்ந்திருப்பான், கத்தியை எடுத்துவிட்டான். "நம்ம கோலி ஆரோக்கியம். அவனுக்கு என் மேல எப்பவும் ஒரு இது. சாவற வரிக்கும் நான் அவன்கிட்ட பேசல. எதுத்த லைன் வீடுதான். போன வருசம் செத்தான். சாவுக்குக் கூடப் போவல." சுவரில் கடிகாரம். மூன்றே கால். அவன் இப்படியே போய்விடுவான். சந்தோஷமாகப் போவான். கப்பலில் நன்றாகத் தூங்குவான். ஆரோக்கியம் செத்துவிட்டான், துரை செத்திருப்பார், சிலேட்டை அன்றைக்கே அழித்தாயிற்று. உலகத்தில் அதைப் பார்த்த கண் என்னுடையது மட்டும்தான். சும்மா இருந்தால் போதும். கண்ணை மூடினால் கூடப் போதும், தூக்கம் வருகிற கிழவன். அவனே தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போவான். ஆரோக்கியத்தின் முகம் ஞாபகம் வருகிறது. அம்மைத்தழும்பு, பந்து பிடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வான். எனக்கு அவன் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

துணிக்கு அடியிலிருந்து கையை இழுத்தேன். கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தான் வைத்தி, வரவில்லை, பிய்த்தேன். வாயால் சொல்ல வராது. வைத்தி கேட்பான் என்று இல்லை, கேட்கட்டும், என் வாய்க்கு அது வராது. கைதான். முப்பத்தொன்பது வருஷம் பேசாத கை, ஆனாலும் வந்தது. ஆரோக்கியம் இல்லை, என்றேன். நான். துரையின் சிலேட்டை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் பிடிப்பது மாதிரிப் பிடித்து, தூக்கிய கையைப் போட்டேன், விசிலைப் போட்டேன், பாட்டிலைப் போட்டேன். கழுத்தை, மூடியை, எல்லாம் போட்டேன். பார்த்தாயா என்று நானே கேட்டு, பார்க்கவில்லை என்று நானே சொன்னேன். எத்திராஜ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு ஒன்று அவன் வாயில் மிச்சம் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி சொல்லு என்று கண்ணால் கேட்டான். மறுபடி சொன்னேன். எழுந்தான். பெஞ்சு கீழே விழுந்தது, தரை வழியாக வந்து காலில் முட்டியது. அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று முகத்தைக் கொடுத்தேன், பாதி நுரை, பாதி வெறும் தோல். அவன் திரும்பி வாசலுக்குப் போனான். படியில் நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு, பேசினான். முதுகிலிருந்து தெரிந்தது, தாடை எலும்பு அசைந்தது, காதுக்குப் பின்னால் நரம்பு எழுந்து எழுந்து அடங்கியது. ரொம்ப நேரம் பேசினான். நிலைக்கதவில் கையை வைத்திருந்தான், மூன்று விரல். தெருவில் சைக்கிளில் போன ஒரு சீனன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நான் வைத்தியைப் பார்த்தேன். வைத்தியின் கத்தி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் படிகாரக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எத்திராஜின் தாடை நின்றது. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான், நேராக, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் நின்றுகொண்டு. "ரயிலுக்கு நேரமாவுது. பெட்டி கனமா இருக்குது. ஸ்டேஷனுக்கு வரியா இல்லியா?" எழுந்தேன். துண்டால் நுரையை வழித்தேன், ஒரு கன்னம் அப்படியே நரைத்துக் கிடந்தது, கிடக்கட்டும். வைத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்திராஜ் சொன்னது முழுக்க அவன் காதில் இருக்கிறது. ஒரு சாடை காட்டினால் எழுதிக் கொடுத்துவிடுவான். இருக்கட்டும், அவனிடமே இருக்கட்டும். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.